பிராசஸரின் வேகமும் காரைக்குடி வெயிலும்

மேசைக் கணினியின் பிராசஸரை, அதைத் தயாரித்த நிறுவனம் குறித்துக்கொடுத்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவதற்கு ஓவர்கிளாக் செய்வது என்று பெயர். இதற்காகப் புதுப் பிராசஸர் வாங்க வேண்டியதில்லை. மதர்போர்டின் பயோஸுக்குள் போய் ஒன்றிரண்டு எண்களை மாற்றினால் போதும். அந்த எண்களை எதுவரை உயர்த்தலாம் என்பதை கூலரும் கேபினட்டும் கணினி இருக்கும் அறையின் வெப்பமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஏசி அறையில் ஒழுங்காக ஓடிய அதே அமைப்பு, அக்னி நட்சத்திர நாளில் காரைக்குடி மாடியறையில் திணறிப்போகலாம்.

துடிப்பும் பெருக்கெண்ணும்

பிராசஸர் ஒவ்வொரு வேலையையும் ஒரு துடிப்பின் தாளத்துக்குச் செய்கிறது. மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு இன்றைய கணினிகளில் 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 10 கோடி. பிராசஸர் அதை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக்கொள்கிறது. பெருக்கெண் 42 என்றால் வேகம் 4.2 ஜிகாஹெர்ட்ஸ். ஓவர்கிளாக் என்பது பெரும்பாலும் இந்த 42-ஐ 43, 44 என்று ஏற்றுவதுதான். அடிப்படைத் துடிப்பையும் மாற்ற முடியும். ஆனால் கணினியின் வேறு சில பாகங்களும் அதையே நம்பியிருக்கக்கூடும் என்பதால் புதியவர்கள் அதைத் தொடாமல் விடுவது நல்லது.

இந்தப் பழக்கத்துக்கு நாற்பது வயதாகிறது. 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதன் 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைக் கழற்றிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைச் செருகி, 8 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றிக்கொண்டவர்கள் பலர். 1998-இல் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ பிராசஸரில் பெருக்கெண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. பயனர்கள் மதர்போர்டின் துடிப்பை 66-இலிருந்து 100-க்கு மாற்றினார்கள். 300 மெகாஹெர்ட்ஸ் விலையில் 450 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது.

இன்று அத்தனை பெரிய லாபம் கிடையாது. வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும்போதெல்லாம் பிராசஸர் தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. நிறுவனம் மிச்சம் விட்டுவைத்திருக்கும் இடம் கொஞ்சம்தான். கையால் ஏற்றிப் பெறுவது பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதம்.

எந்தப் பிராசஸரில் முடியும்?

இன்டெல் பிராசஸரின் பெயர் 'கே' என்ற எழுத்தில் முடிந்தால், அல்லது 'கேஎஃப்' என்று முடிந்தால், பெருக்கெண் பூட்டப்படவில்லை என்று பொருள். ஐ5-12600கே திறந்தது, ஐ5-12400 பூட்டப்பட்டது. கூடவே மதர்போர்டு 'இசட்' வரிசை சிப்செட் கொண்டதாக இருக்க வேண்டும். ஏஎம்டியின் ரைசன் பிராசஸர்களில் பெரும்பாலானவை திறந்தவையே. பி450, பி550, பி650 போன்ற நடுத்தர சிப்செட்டுகளிலும் ஓவர்கிளாக் செய்யலாம். ஏ320, ஏ520 சிப்செட்டுகளில் முடியாது. 5800எக்ஸ்3டி போன்ற சில ரைசன்களில் பெருக்கெண் பூட்டியிருக்கும்.

ஒரே மாடல் பிராசஸர் இரண்டு வாங்கினாலும் இரண்டும் ஒரே அளவு ஏறாது. குழிப்பணியாரச் சட்டியில் ஒரே மாவை ஊற்றினாலும் ஒரு குழிப் பணியாரம் முன்னே சிவக்கும், இன்னொன்று வெளுத்தே இருக்கும். சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டியெடுக்கும் சில்லுகளும் அப்படித்தான். அதனால் இன்னொருவர் கணினியில் ஓடிய எண்ணை அப்படியே எடுத்துப் போடக் கூடாது.

வெப்பக் கணக்கு

வேகத்தை ஏற்றினால் மின்செலவு அதே விகிதத்தில் ஏறும். கூடுதல் வேகத்தில் பிராசஸர் தடுமாறாமல் இருக்க வோல்டேஜையும் சற்று உயர்த்த வேண்டியிருக்கும். வோல்டேஜ் ஏறும்போது மின்செலவு அதன் இருமடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. சிக்கல் தொடங்கும் இடம் இதுதான்.

1.15 வோல்ட்டில் 4 ஜிகாஹெர்ட்ஸ் ஓடி 120 வாட் செலவிடும் ஒரு பிராசஸரை எடுத்துக்கொள்வோம். வேகத்தை 10 சதவீதம் கூட்டி 4.4 ஆக்கி, வோல்டேஜையும் 10 சதவீதம் கூட்டி 1.265 ஆக்கினால், மின்செலவு 1.1 × 1.1 × 1.1 மடங்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடி 160 வாட் ஆகிவிடும். வேகம் பத்து சதவீதம். சூடு முப்பத்துமூன்று சதவீதம்.

சாதாரணக் கூலரால் பிராசஸரை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுவர முடியாது. அறைக்கு மேலே எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதுதான் அதன் திறமை. 120 வாட்டில் அறையைவிட 50 டிகிரி மேலே நிறுத்தும் ஓர் ஏர் கூலர், 160 வாட்டில் ஏறத்தாழ 67 டிகிரி மேலே நிறுத்தும். அறை 25 டிகிரி என்றால் 92-இல் தப்பிவிடலாம். அறை 37 டிகிரி என்றால் கணக்கு 104-க்குப் போகிறது. பல ரைசன்களுக்கு எல்லை 95, பல இன்டெல் பிராசஸர்களுக்கு 100. எல்லையைத் தொட்டதும் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துவிடும். ஏற்றிய வேகம் அங்கேயே கரைந்துபோகும்.

வளவு சொல்லும் பாடம்

வெப்பத்தை வெளியேற்றும் வித்தை செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் உள்ள பழைய வீடுகளில் முகப்பு வாசலில் நின்றால் பின்கட்டு வாசல் வரை நேர்கோட்டில் பார்க்கலாம். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது. நடுவே வானம் பார்த்த வளவு வழியாகச் சூடு மேலே ஏறிவிடுகிறது. கேபினட்டுக்குள் நடக்க வேண்டியதும் இதுவே. முன்பக்க விசிறிகள் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். பின்பக்கமும் மேற்பக்கமும் உள்ளவை வெளியே தள்ள வேண்டும். கணினி மேசையின் அடைத்த அறைக்குள்ளோ சுவரோடு ஒட்டியோ கேபினட்டை வைத்தால் அதே சூடான காற்றே உள்ளே சுழலும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள கான்கிரீட் அறையைவிடக் கீழ்த்தள உள்ளறை மேல். செம்மண் தூசி வடிகட்டி வலையில் சீக்கிரம் படியும் என்பதால் மாதம் ஒருமுறையாவது வலையைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இருக்கும் தெர்மல் பேஸ்ட்டும் கவனிக்க வேண்டியது. இரண்டு உலோகப் பரப்புகளும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடுபள்ளம் கொண்டவை. இடையில் சிக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அந்த இடத்தை நிரப்புவதே பேஸ்ட்டின் வேலை. காய்ந்துபோன பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தெடுத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்து, கூலரை நேராக இறக்க வேண்டும். நான்கு திருகாணிகளையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினால் பேஸ்ட் சீராகப் பரவும். அதிகம் வைத்தால் ஓரங்களில் பிதுங்கும், குளிர்ச்சி கூடாது.

படிப்படியாக ஏற்றுவது

முதலில் எதையும் மாற்றாமல் அளந்துகொள்ள வேண்டும். வெப்பத்தையும் வோல்டேஜையும் காட்ட எச்டபிள்யூஇன்ஃபோ, வேகத்துக்கு மதிப்பெண் போட சினிபெஞ்ச், பிராசஸரை முழுச் சுமையில் வாட்டிப் பார்க்க ஓசிசிடி அல்லது பிரைம்95 என்று இலவச மென்பொருள்கள் உள்ளன. எந்த மாற்றமும் செய்யாத நிலையிலேயே 85 டிகிரியைத் தாண்டினால், கூலரைச் சரிசெய்யாமல் மேலே போவதில் பயனில்லை.

பிறகு பயோஸுக்குள் பெருக்கெண்ணை ஒன்று மட்டும் ஏற்றி, சேமித்து, பத்து நிமிடம் சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். தாங்கினால் இன்னொன்று. கணினி ஹேங் ஆனாலோ நீலத் திரை வந்தாலோ தானே மறுபடி தொடங்கினாலோ எல்லை வந்துவிட்டது. அப்போது ஒரு படி இறங்கலாம். அல்லது வோல்டேஜை 0.01, 0.02 என்று சிறிதாக உயர்த்திப் பார்க்கலாம். சுமையில் 1.30 வோல்ட்டுக்குக் கீழே நிற்பது புதியவர்களுக்குப் பாதுகாப்பு. ஒவ்வொரு மாற்றத்தையும் பெருக்கெண், வோல்டேஜ், உச்ச வெப்பம், அறையின் வெப்பம் என்று நோட்டில் குறித்துவைத்தால் திரும்பிப்போக வழி தெரியும்.

நிறைவுச் சோதனையைக் குறைந்தது ஒரு மணி நேரம், பிற்பகல் 2 மணி வெயிலில் நடத்த வேண்டும். மார்கழி இரவில் தேறிய எண் சித்திரையில் தோற்கலாம். சித்திரையில் தேறியது மார்கழியில் சூட்டால் தோற்காது.

கணினி திரையே காட்டாமல் நின்றாலும் பதற வேண்டியதில்லை. பல மதர்போர்டுகள் இரண்டு மூன்று முறை தொடங்கிப் பார்த்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் உள்ள காசு வடிவப் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தால் பயோஸ் அமைப்புகள் அழிந்துவிடும்.

மின்சாரத்தையும் யோசிக்க வேண்டும். வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யுபிஎஸ் சாதாரணமாக 360 வாட் அளவே தாங்கும். ஓவர்கிளாக் செய்த பிராசஸரோடு கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்தால் மின்தடை வந்த நொடியில் அது கைவிட்டுவிடலாம். கணினிக்குள் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் தாராளமாக மிச்சம் இருக்க வேண்டும். பயோஸ் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது யுபிஎஸ் கட்டாயம். பாதியில் மின்சாரம் போனால் போர்டு முடங்கிவிடக்கூடும்.

தேய்மானமும் உத்தரவாதமும்

அதிக வோல்டேஜும் வெப்பமும் சில்லின் உள்கம்பிகளில் உள்ள உலோக அணுக்களை மெல்ல நகர்த்துகின்றன. ஆண்டுகள் போகப்போகப் பழைய வேகத்துக்கே கூடுதல் வோல்டேஜ் கேட்கும் நிலை வரலாம். வோல்டேஜ் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஒரு பாடம். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசஸர்கள் சிலவற்றில், ஓவர்கிளாக் செய்யாத நிலையிலேயே அளவுக்கு மீறிய வோல்டேஜ் போனதால் நிலைகுலைவு ஏற்பட்டது. நிறுவனம் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டிக்க வேண்டியிருந்தது. பயனரே ஓவர்கிளாக் செய்து கெடுத்த பிராசஸருக்கு இன்டெலும் ஏஎம்டியும் பொதுவாக உத்தரவாதம் தருவதில்லை.

இறக்கி வெல்லும் வழி

வெயில் ஊர்களுக்கு இன்னொரு வழி பொருத்தமானது: வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் குறைப்பது. நிறுவனம் எல்லாச் சில்லுகளுக்கும் பொருந்தும்படி வோல்டேஜைக் கொஞ்சம் தாராளமாகவே வைக்கிறது. முன்சொன்ன 120 வாட் பிராசஸரில் 5 சதவீதம் வோல்டேஜைக் குறைத்தால் செலவு ஏறத்தாழ 108 வாட் ஆகும். 37 டிகிரி அறையில் 87-க்குப் பதில் 82 டிகிரியில் நிற்கும். தானியங்கி வேகம் கொண்ட பிராசஸர் கிடைத்த அந்த இடைவெளியை எடுத்துக்கொண்டு உச்ச வேகத்தில் கூடுதல் நேரம் ஓடும். ரைசன் 5000 வரிசை முதல் இதற்கு கர்வ் ஆப்டிமைசர் என்ற அமைப்பு பயோஸிலேயே உண்டு. அதில் கழித்தல் 10-இல் தொடங்கி மெல்ல இறங்கலாம். இதில் தவறு நேர்ந்தால் சுமை இல்லாமல் சும்மா இருக்கும்போதும் கணினி நின்றுபோகும். அதனால் முழுச் சுமைச் சோதனையோடு, ஓரிரு நாள் வழக்கமான வேலைகளிலும் ஓட்டிப் பார்த்த பிறகே அந்த எண்ணை நிலைப்படுத்த வேண்டும்.