வைத்தியசாலைப் பரிபாலகர் கற்ற பாடம்

வைத்தியசாலை என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவோர் வைத்தியரும் தாதியருமேயாவர். மேசையருகே அமர்ந்து கட்டளைகளில் ஒப்பமிடும் பரிபாலகரை நாம் நினைப்பதேயில்லை. ஆயினும் நோயாளியின் உயிர் அவர் கையிலும் இருக்கின்றது. அமெரிக்க வைத்தியசாலைகளில் பிழைகளின் காரணமாக ஆண்டொன்றுக்கு 44,000 முதல் 98,000 வரையானோர் இறக்கின்றனரென 1999 ஆம் ஆண்டில் அந்நாட்டு அறிஞர் குழுவொன்று மதிப்பிட்டது. அக்குழு தனிமனிதரைப் பழிக்கவில்லை. வேலை ஒழுங்குகளையே குறை கூறிற்று. அவ்வொழுங்குகளை வகுப்பவர் பரிபாலகர் அன்றோ?

சியாட்டில் நகரத்து வேர்ஜீனியா மேசன் வைத்தியசாலையின் தலைவராயிருந்த டாக்டர் கெரி கப்லான், 2002 இல் தம் உயரதிகாரிகளை அழைத்துக்கொண்டு யப்பானுக்குச் சென்றார். அங்கே அவர்கள் பயின்றது வைத்தியமன்று. தொழிற்சாலை நடத்தும் முறையையே பயின்றனர். டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையில் பழுதொன்றைக் காணும் எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் உடனே ஓடிவருவார். பழுது தீராவிடில் வேலை நின்றுவிடும். மனிதர் மோட்டார் வண்டிகளல்லர் என முகஞ்சுளித்த வைத்தியரும் உளர். எனினும், நோயாளிக்கு ஆபத்து நேருமென அஞ்சும் எந்த ஊழியரும் வேலையை நிறுத்தி அறிவிக்கலாம், பொறுப்பதிகாரி தாமதியாது அவ்விடம் செல்லவேண்டும் என்ற விதி அவ்வைத்தியசாலையில் ஏற்பட்டது.

விதியை எழுதுதல் எளிது. பிரம்பேந்தி நிற்கும் ஆசிரியரிடம் எந்த மாணவன் தன் பிழையைத் தானே சென்று கூறுவான்? ஆசிரியத் தொழில் புரியும் நாம் இதனை நன்கறிவோம். கெட்ட செய்தி கொணர்பவரைக் கடிந்துகொள்ளாது கேட்கும் பழக்கமே பரிபாலகருக்கு முதலில் வேண்டிய பயிற்சி என்பது நமது எண்ணம். கணக்கும் சட்டமும் பிறகு கற்கலாம்.

2004 நவம்பரில் அவ்வைத்தியசாலைக்குப் பெருஞ்சோதனை வந்தது. மூளை இரத்தக்குழாய் வீக்கத்துக்குச் சிகிச்சை பெறவந்த மூதாட்டி ஒருவருக்கு, கதிர்ப்படத்தில் குழாயைக் காட்டும் மருந்துக்குப் பதிலாகக் குளோரெக்சிடின் என்னும் கிருமிநாசினி ஏற்றப்பட்டது. அவர் மாண்டார். முன்னர் அங்கு வழங்கிய கிருமிநாசினி கபிலநிறமுடையது. பார்த்த மாத்திரத்தில் அடையாளங் காணலாம். புதிதாக வந்ததோ நீர்போல் நிறமற்றது. பெயர்ச்சீட்டு ஒட்டாத கிண்ணத்தில் அது மற்றத் திரவங்களோடு ஒரே தட்டில் இருந்தது. ஊசியைப் பிடித்த கையை மட்டும் குற்றஞ்சாட்டுவது எங்ஙனம் நியாயமாகும்? மருந்தை மாற்றியபோது, தட்டில் அது எவ்வாறு தோன்றுமென எண்ணிப் பார்த்திருக்க வேண்டியவர் பலர்.

இத்தகைய அடி விழுந்தால் நிறுவனங்கள் வாய்மூடியிருப்பதே உலக வழக்கு. கப்லானும் அவர் துணைவரும் நடந்ததைக் குடும்பத்தினருக்கு உரைத்ததோடு ஊரறியவும் வெளியிட்டு மன்னிப்புக் கோரினர். மறு ஆண்டுக்கென வகுத்த ஏனைய நோக்கங்களை ஒதுக்கி, நோயாளியின் பாதுகாப்பு ஒன்றையே நோக்கமாகக் கொண்டனர். ஊழியரிடமிருந்து வரும் எச்சரிக்கைகள் அதன்பின் பெருகின. அவற்றைப் பரிபாலகர் நற்செய்தியாகவே கொண்டனர். கிருமிநாசினியும் அதன்பின் கிண்ணத்தில் ஊற்றி வைக்கப்படவில்லை. பஞ்சுக்கோலில் தோய்ந்த நிலையிலேயே அவ்வறைக்குட் சென்றது.