படைப்புழுவின் தாய்வழி



கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வீட்டுக்குப் பின்னால் நாலு வரிசை சோளம் நடுவது நம் வழக்கம். ஒரு நாள் காலையில் பார்த்தால் குருத்திலே ஓட்டைகள். இலையிடுக்கில் மரத்தூள் போன்ற எச்சம். உள்ளே இருப்பது படைப்புழுவா என்று பாருங்கள். தலையில் கவட்டைக் கம்பைத் தலைகீழாகப் பிடித்தது போன்ற வெண்கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அதுவே.

இது ஓர் அந்துப்பூச்சியின் புழு. தாயகம் அமெரிக்கக் கண்டம். 2016-இல் ஆப்பிரிக்காவிலும், 2018-இல் இந்தியாவின் கர்நாடகத்திலும், 2019-இல் நம் மலேசியாவிலும் கண்டறியப்பட்டது. அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர் பறக்க வல்லது.

இதில் இரு பிரிவுகள் உண்டு. ஒன்று சோளத்தை நாடும். மற்றது நெல்லையும் புல்லையும் நாடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பிரித்தறிவது எப்படி?

உயிரணுவுக்குள்ளே மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு உண்டு. உணவைச் சக்தியாக்கும் அடுப்பு அது. அதற்கென்றே 37 மரபணுக்கள் உள்ளன. நான்கே எழுத்துகள் மாறி மாறி அமைந்து, சுமார் 15,300 எழுத்து நீளமுள்ள வரிசை அது. ஆய்வுக்கூடத்தில் அதைக் கருவியால் வாசிக்கிறார்கள். ஆணோ பெண்ணோ, பிள்ளைக்கு இது தாயிடமிருந்தே வருகிறது. ஆகவே வாசித்தவுடன் தாய்வழி தெரிந்துவிடும்.

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்போம். இங்கே அது பாதிதான் உண்மை. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் சோளக் கொல்லையில் பிடித்த பல பூச்சிகளுக்குத் தாய்வழி நெல் பிரிவாக இருந்தது. ஆனால் உயிரணுவின் கருவிலுள்ள மரபணுவோ சோளப் பிரிவைக் காட்டியது. முன்னொரு காலத்தில் இரு பிரிவும் கலந்திருக்கின்றன. தாய்வழியை மட்டும் நம்பியிருந்தால், நெல் வயலுக்குக் காவல் போட்டுச் சோளத்தைப் பறிகொடுத்திருப்போம்!

நமக்கும் இதில் பாடம் உண்டு. பாதி விவரத்தோடு கடைக்கு ஓடி விஷ மருந்து வாங்க வேண்டாம். புழு வளர்ந்து குருத்துக்குள் புகுந்துவிட்டால் மருந்து அதை எளிதில் எட்டாது. காசும் வீண், தெளிப்பவர் உடம்புக்கும் கேடு. காலையில் இலைகளைப் புரட்டுங்கள். பஞ்சு மூடியது போன்ற முட்டைக் கூட்டத்தைக் கையால் நசுக்குங்கள். ஒரு கூட்டத்திலே 100, 200 முட்டைகள் இருக்கும். சந்தேகமிருந்தால் புழுவைப் போத்தலில் போட்டு விவசாய இலாகாவில் காட்டுங்கள். எதிரியை அறிந்த பிறகே ஆயுதம் எடுப்போம்.