நாய் ஏன் சொறிகிறது?

உங்கள் வீட்டு நாய் ஓயாமல் சொறிகிறதா? வாலடியைத் திரும்பத் திரும்பக் கடிக்கிறதா? மண்ணெண்ணெய் தடவினால் சரியாகும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சற்றுப் பொறுங்கள். மருந்தைத் தேடுமுன் காரணத்தைத் தேட வேண்டும்.

நாயின் தோல் நம் தோலைப் போன்றதன்று. அதன் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. நம் தோல் சற்று அமிலத்தன்மை உடையது; அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5. நாயின் தோலோ நடுநிலையான 7-ஐ ஒட்டியது. எனவே நாம் குளிக்கும் சோப்பை அடிக்கடி போட்டால் அதன் தோல் வறண்டு, அரிப்பு கூடும். நாய் தன் உடலை நக்கும் என்பதையும் மறக்காதீர்கள். தோலில் பூசியது வயிற்றுக்குள்ளும் போகும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். உள்ளே போனால் நஞ்சு.

இப்போது ஓர் எளிய சோதனை. நாயை வெள்ளைத்தாளின் மேல் நிறுத்தி, முதுகு முடியைச் சீப்பால் வாருங்கள். மிளகுத்தூள் போன்ற கரும்பொடி விழுகிறதா? அதன்மேல் சில துளி நீர் விடுங்கள். கறுப்பாகவே இருந்தால் வெறும் புழுதி. செம்பழுப்பாகக் கரைந்து பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். அந்தச் செம்மை, பூச்சி குடித்த நாயின் இரத்தமே!

தெள்ளுப்பூச்சி நாயின் மேல் முட்டையிடும். ஆனால் முட்டைகள் ஒட்டிக்கொள்வதில்லை. உதிர்ந்து படுக்கையிலும் தரை இடுக்கிலும் விழுகின்றன. அங்கே புழுவாகிக் கூட்டுப்புழுவாகின்றன. ஆகவே நாயை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை. அதன் சாக்கையும் துணியையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவையுங்கள். தரையை நாள்தோறும் பெருக்குங்கள். குளித்த நாயை அடிமுடி வரை உலரத் துவட்டுங்கள். அடர்ந்த முடிக்குள் காற்றோட்டம் குறைவு. ஈரம் எளிதில் ஆவியாகாது. ஈரம் தங்கிய இடத்தில் கிருமிகள் பெருகும்.

வட்டவட்டமாக முடி கொட்டுகிறதா? அது படர்தாமரையாக இருக்கலாம். இது பூஞ்சையால் வருவது, நமக்கும் தொற்றும். இதைக் கண்டறிய இயற்பியல் உதவியிருக்கிறது தெரியுமா? கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து, புற ஊதா ஒளியை மட்டும் விடும் ஒரு கண்ணாடியை 1903-இல் அமெரிக்க இயற்பியலறிஞர் ராபர்ட் வுட் உருவாக்கினார். அந்த விளக்கொளியில் படர்தாமரை பற்றிய முடி ஒளிர்வதை 1925-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் கண்டனர். நாய்களைப் பற்றும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை பெரும்பாலும் பச்சையாக ஒளிரும். எல்லாப் பூஞ்சைகளும் ஒளிர்வதில்லை. ஆகவே ஒளிராவிட்டால் நோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

சிறு கீறலா? அரை லிட்டர் கொதித்தாறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கழுவினால் போதும். வலிக்கும் இடத்தைத் தொட்டால் பழகிய நாயும் கடிக்கும். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். கடித்துவிட்டால் சோப்பு நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும் இதைத் தவிர்க்கக் கூடாது.

சீழ், துர்நாற்றம், பரவும் சொட்டை, வீட்டாருக்கும் அரிப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். அரிப்பு என்று தொடங்கியது, உடலில் எங்கே, உணவிலோ படுக்கையிலோ என்ன மாற்றம் என்று ஒரு தாளில் குறித்துச் செல்லுங்கள். வாய் பேசாத நோயாளிக்காக நீங்கள்தான் பேச வேண்டும்.