செவ்வயிற்றுப் பிரானா வளர்ப்பு

செவ்வயிற்றுப் பிரானா என்பது தென் அமெரிக்காவின் அமேசான், பராகுவே-பரனா, எசெக்கிபோ ஆற்றுப் படுகைகளில் வாழும் ஒரு நன்னீர் மீன் இனம் ஆகும். பிரான்ஹா எனவும் எழுதப்படுவதுண்டு. இதன் அறிவியல் பெயர் பைகோசென்ட்ரசு நட்டெரெரி. பிரேசிலில் நெடுங்காலம் உயிரினங்களைச் சேகரித்த ஆசுத்திரிய இயற்கையியலாளர் யோகான் நட்டெரரின் நினைவாக 1858 ஆம் ஆண்டில் ருடோல்ஃப் க்னெர் இப்பெயரைச் சூட்டினார். பிரானா வகைகளுள் வீட்டுத் தொட்டிகளில் பெரிதும் வளர்க்கப்படுவது இதுவே. முதன்முறையாக மீன் வளர்ப்போர் இதன் பற்களைக் குறித்தே அஞ்சுவர். ஆனால் இம்மீனை வளர்ப்பதில் உள்ள உண்மையான சிக்கல் தொட்டி நீரைக் கெடாமல் வைத்திருப்பதே ஆகும்.

இயல்பு

அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட், தம் பிரேசில் பயணம் குறித்து 1914 இல் வெளியிட்ட நூலில் பிரானாவை மிகக் கொடிய மீனாக விவரித்தார். பின்வந்த திரைப்படங்கள் அக்கருத்தை மேலும் பரப்பின. இயற்கையில் இவை சிறு மீன்கள், பிற மீன்களின் துடுப்புகள், பூச்சிகள், இறந்த விலங்குகள் ஆகியவற்றோடு விதைகளையும் பழங்களையும்கூட உண்கின்றன. கூட்டமாக வேட்டையாடுவதற்காகவே இவை சேர்ந்து வாழ்கின்றன என நம்பப்பட்டு வந்தது. முதலை, ஆற்று ஓங்கில், நீர்ப்பறவைகள் போன்ற எதிரிகளிடமிருந்து தற்காத்துக்கொள்வதே கூட்டத்தின் முதன்மை நோக்கம் என்று அன்னி மகுரனும் எல்தெர் கெய்ரோசும் 2000களில் மேற்கொண்ட ஆய்வுகள் காட்டின. எனவே தொட்டியருகே யாரேனும் சென்றால் இம்மீன் சீறி வருவதில்லை. மூலையில் ஒதுங்கி நிற்கிறது. மங்கலான ஒளியும், மறைந்துகொள்ள மரக்கட்டைகளும் இதற்குத் தேவை.

தொட்டியும் நீரும்

கடைகளில் பெரும்பாலும் விற்கப்படுபவை கரும்புள்ளிகளுடன் வெள்ளி நிறத்தில், நாணய அளவில் இருக்கும் குஞ்சுகள். இவை 25 முதல் 30 செ.மீ. வரை வளர்ந்து, பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை. வளர்ந்த நான்கு மீன்களுக்கு 150 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டி பொருந்தும். அதன் கொள்ளளவு 540 லிட்டர். நீரின் எடை மட்டுமே அரை டன்னைத் தாண்டும் என்பதால் தாங்கியும் தரையும் உறுதியாக இருத்தல் வேண்டும்.

மீனின் கழிவும் உண்ணாது விட்ட இரையும் அமோனியாவாக மாறுகின்றன. அமோனியா மீனின் செவுள்களை அரிக்கும் நஞ்சாகும். வடிகட்டியில் குடியேறும் ஒருவகை பாக்டீரியாக்கள் இதனை நைட்ரைட்டாகவும், வேறுவகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே, நைட்ரேட்டு தீமை குறைந்தது. புதுத் தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வருவோர் செய்வது, மீனை அதன் கழிவிலேயே விடுவதாகும். மீன் இல்லாமலேயே தொட்டியில் சிறிது அமோனியாவோ இறால் துண்டோ இட்டு வடிகட்டியை ஓட்டி, சோதனைத் திரவங்களால் அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்ததை உறுதி செய்த பின்னரே மீனை விட வேண்டும்.

குழாய்நீரில் உள்ள குளோரின் மீனுக்கும் இந்நுண்ணுயிர்களுக்கும் கேடானது. நீரைத் திறந்து வைத்தால் குளோரின் ஒரு நாளில் வெளியேறும். குளோரமின் எளிதில் வெளியேறாது, அதற்குக் குளோரின் நீக்கி தேவை. வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுவது நல்லது. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுதல் வேண்டும். வெப்பநிலை 24 முதல் 28 பாகை செல்சியசு வரை இருக்கலாம். மின்தடை நீடித்தால் வடிகட்டியும் நின்றுவிடும். மின்கலத்தில் இயங்கும் காற்றுக்குழாய் ஒன்றை வைத்திருப்பது உதவும்.

உணவும் துணையும்

இறால், மீன் துண்டுகள், மண்புழு, குறுணைத் தீவனம் ஆகியவை ஏற்றவை. மாட்டிறைச்சியின் கொழுப்பு இதற்கு உகந்ததன்று. வேடிக்கைக்காக உயிருள்ள பொன்மீன்களை இடும் வழக்கம் தவிர்க்கத்தக்கது: அவை நோய்களைக் கொணரலாம்; அவற்றிலுள்ள தயமினேசு என்னும் நொதி உயிர்ச்சத்து பி1 ஐச் சிதைக்கிறது. குஞ்சுகளுக்கு நாள்தோறும், வளர்ந்தவற்றுக்கு இரு நாள்களுக்கு ஒருமுறை உணவிட்டு, எஞ்சியதை உடனே அகற்ற வேண்டும். பசித்த குஞ்சுகள் ஒன்றையொன்று கடித்துத் தின்னும். இரண்டு அல்லது மூன்றாக வளர்த்தால் வலியது மற்றதைத் துன்புறுத்துவதால், ஒன்றாகவோ நான்குக்கு மேலாகவோ வளர்ப்பர்.

கையாளுதல்

மனிதர் கடிபடுவது பெரும்பாலும் மீனை நீருக்கு வெளியே எடுக்கும்போதுதான். வலையை இம்மீன் கடித்து அறுத்துவிடும். ஆகவே நெகிழி வாளியால் நீருடன் முகந்து மாற்றுவது மீனுக்கும் விரலுக்கும் பாதுகாப்பானது.

பாக்கு மீனுடன் குழப்பம்

இந்தியாவில் ரூப்சந்த் என்ற பெயரில் உணவுக்காக வளர்க்கப்படும் பாக்கு மீனின் குஞ்சுகள் சிவந்த வயிற்றுடன் பிரானாவைப் போன்றே தோன்றுவதால், பிரானா என்றே விற்கப்படுவதுண்டு. பிரானாவின் கீழ்த்தாடை முன்துருத்தியும் பற்கள் முக்கோண வடிவிலும் இருக்கும். பாக்குவின் பற்கள் மனிதரின் கடைவாய்ப் பற்களை ஒத்தவை. (வெற்றிலையோடு மெல்லும் பாக்குக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை; எனினும் இம்மீன் கொட்டைகளை உடைத்துத் தின்பதே.) பாக்கு 60 செ.மீ.க்கும் மேல் வளர்வதால் வீட்டுத் தொட்டிக்கு இது பிரானாவை விடவும் பொருந்தாதது.

சட்டம்

கலிபோர்னியா, டெக்சாசு, புளோரிடா உள்ளிட்ட அமெரிக்க மாநிலங்களில் பிரானா வளர்ப்பதற்குத் தடை உள்ளது. வெப்பமண்டல நாடுகளின் நீர்நிலைகள் இம்மீனுக்கு ஏற்ற வெப்பநிலை கொண்டவை. ஆதலால் வளர்க்க இயலாமற் போகும் மீனை ஆறு, குளம், கிணறு எதிலும் விடாமல், விற்ற கடையிடமோ பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ ஒப்படைத்தல் வேண்டும்.