வியர்த்தால் ஆபத்து: உறைபனியில் ஓடுவோரின் வெப்பக் கணக்கு

பள்ளிக் குறுக்கோட்டப் போட்டியில் ஓடி முடித்து வரும் மாணவரைப் பாருங்கள். சட்டை தொப்பலாக நனைந்திருக்கும். முகத்தில் வியர்வை வழியும். நம் வெப்பமண்டல நாட்டில் அந்த வியர்வைதான் அவருக்குப் பாதுகாப்பு. ஓடும்போது உடலில் உண்டாகும் அதிக வெப்பத்தை அது வெளியே கொண்டு செல்கிறது.

இதே வியர்வையைக் கண்டு பயப்படும் ஓட்டக்காரர்களும் உலகில் இருக்கிறார்கள். நெற்றியில் ஈரம் தெரிந்தால் உடனே வேகத்தைக் குறைத்து நடக்கத் தொடங்கிவிடுவார்கள். அவர்கள் ஓடுவது மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் குளிரில்.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி இன்டர்நேஷனல் ஃபால்ஸ் என்ற சிறு நகரம் உள்ளது. அதன் குளிரால் 'நாட்டின் ஐஸ் பெட்டி' என்றே அதற்குப் பெயர். 2005 முதல் ஜனவரி மாதக் கடைசியில் அங்கிருந்து 'ஆரோஹெட் 135' என்ற பந்தயம் தொடங்குகிறது. தூரம் 135 மைல், அதாவது சுமார் 217 கிலோமீட்டர். பனி மூடிய காட்டுப்பாதையில் ஓடியோ, சைக்கிளிலோ, பனிச்சறுக்குக் கட்டைகளிலோ செல்லலாம். 60 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஓடுபவர்கள் தங்கள் பொருள்களைச் சிறிய சறுக்குவண்டியில் ஏற்றி, இடுப்பில் கட்டி இழுத்துச் செல்வார்கள். தூக்கப்பை, அடுப்பு, எரிபொருள், விளக்கு, விசில் ஆகியவை கட்டாயம். பந்தயத்தை முடிக்கும்போதுகூடப் பையில் 3,000 கிலோகலோரி உணவு மிச்சமிருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி.

ஓட்டப் பந்தயத்துக்கு ஏன் இத்தனை சுமை? இதற்கான விடை உங்கள் அறிவியல் பாடநூலிலேயே இருக்கிறது.

ஓடும் உடல் ஓர் அடுப்பு

நாம் உண்ணும் உணவிலுள்ள சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் தசைகளை அசைக்கப் பயன்படுகிறது. மீதி முக்கால் பங்கு வெப்பமாக மாறுகிறது.

60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், அவர் உடலில் சுமார் 400 வாட் வெப்பம் உண்டாகும். வீட்டிலுள்ள சிறிய ரைஸ் குக்கரின் அளவு இது. அதே மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தால் உண்டாகும் வெப்பம் சுமார் 80 வாட் மட்டுமே.

ஓடும் வரை உடல் பெரிய அடுப்பு. நின்றவுடன் அதில் ஐந்தில் ஒரு பங்கு நெருப்புதான் மிஞ்சுகிறது. சுற்றியுள்ள குளிரோ சிறிதும் குறைவதில்லை. எனவே, பனியில் ஓடுபவருக்கு ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே ஆபத்தானது. கால் சுளுக்கி உட்கார்ந்தாலும், களைத்துப்போய் நடந்தாலும் வெப்பக் கணக்கு மாறிவிடும்.

நனைந்த சட்டை கேட்கும் விலை

இப்போது வியர்வையைக் கணக்கில் சேர்ப்போம். தோலின் வெப்பநிலையில் 1 கிராம் வியர்வை ஆவியாவதற்குச் சுமார் 2.4 கிலோஜூல் வெப்பம் தேவை. இதுதான் ஆவியாதலின் உள்ளுறை வெப்பம்.

ஓட்டக்காரர் வேகமாக ஓடியதால் 100 கிராம் வியர்வை சட்டையில் ஊறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரைக் குவளைக்கும் குறைவான நீர்தான். அது முழுவதும் உலர வேண்டுமானால்:

100 × 2.4 = 240 கிலோஜூல்.

இந்த வெப்பத்தை யார் தருவது? உடல்தான் தர வேண்டும். அவர் நின்றுவிட்டால், விநாடிக்கு 80 ஜூல்தான் உண்டாகிறது. 240,000-ஐ 80-ஆல் வகுத்தால் 3,000 விநாடிகள், அதாவது 50 நிமிடங்கள். உடல் உண்டாக்கும் வெப்பம் முழுவதையும் 50 நிமிடங்களுக்குச் சட்டையை உலர்த்தவே செலவிட வேண்டும்! இதயத்துக்கும் மூளைக்கும் என்ன மிஞ்சும்?

இன்னொரு இழப்பும் உண்டு. உலர்ந்த ஆடையின் இழைகளுக்கிடையே காற்று சிறைப்பட்டிருக்கிறது. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆடை நனைந்தால் அந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. அசையாத காற்றைவிட நீர் ஏறக்குறைய 24 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். நம்மைக் காக்க வேண்டிய ஆடையே வெப்பத்தை வெளியேற்றும் வழியாகிவிடுகிறது.

அதனால்தான் அனுபவமுள்ள ஓட்டக்காரர்கள் புறப்படும்போது லேசாகக் குளிரும் அளவுக்கே உடுத்துகிறார்கள். மேட்டில் ஏறுவதற்கு முன்பே மேலாடையின் ஜிப்பைத் திறந்துவிடுகிறார்கள். நிற்பதாக இருந்தால், உடல் குளிரும் முன்பே தடித்த மேலாடையைப் போட்டுக்கொள்கிறார்கள். உள்ளாடை பருத்தியாக இருக்காது. பருத்தி நீரை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் ஆடையைத் தோலை ஒட்டி அணிவார்கள். அதன்மேல் காற்றைச் சிறைப்படுத்தும் ஆடை. எல்லாவற்றுக்கும் வெளியே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஆடை.

காற்று வீசினால் ஏன் அதிகம் குளிர்கிறது?

நம் தோலை ஒட்டி மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் எப்போதும் இருக்கும். காற்று வீசினால் அந்தப் படலம் கலைந்துவிடும். உடல் மீண்டும் புதிய படலத்தைச் சூடாக்க வேண்டும். அதுவும் கலையும். இப்படியே வெப்பம் பறிபோகிறது.

இதை மதிப்பிடக் கனடாவும் அமெரிக்காவும் 2001-இல் ஒரு சூத்திரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அதன்படி மைனஸ் 25 டிகிரி குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், முகத்துக்கு அது மைனஸ் 39 டிகிரிபோல் இருக்கும். அந்த நிலையில் மூடப்படாத தோல் 10 முதல் 30 நிமிடங்களில் உறையத் தொடங்கலாம். இதுவே பனிக்கடி.

மூக்கு நுனி, காது, விரல்கள் ஆகியவையே முதலில் பாதிக்கப்படும். குளிரில் உடல் தன் உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற, வெளிப்பகுதிகளின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. விரலுக்கு இரத்தம் குறைந்தால் வெப்பமும் குறையும்.

வழுக்கும் பனியும் வழுக்காத பனியும்

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது? அதன் மேற்பரப்பிலுள்ள நீர் மூலக்கூறுகள் உட்பகுதியில் இருப்பவைபோல் இறுகப் பிணைந்திருப்பதில்லை. அவை எளிதில் நகர்கின்றன. உராய்வால் உண்டாகும் வெப்பமும் சேரும்போது வழுவழுப்பு கூடுகிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, மைனஸ் 7 டிகிரி அளவில்தான் பனிக்கட்டி மிக அதிகமாக வழுக்குகிறது என்று காட்டியது.

குளிர் மேலும் கூடினால் கதை மாறுகிறது. மைனஸ் 30 டிகிரியில் மூலக்கூறுகளின் அசைவு குறைந்து, பனித் துகள்கள் மணல்போல் உராயத் தொடங்கும். சறுக்குவண்டி சறுக்காது. 1912-இல் தென் துருவத்திலிருந்து திரும்பிய ராபர்ட் ஸ்காட் குழுவினர், வண்டியை மணலில் இழுப்பதுபோல் இருப்பதாகப் பதிவு செய்தார்கள். இழுக்கும் சுமை கூடியது, சக்தி கரைந்தது, வேகம் குறைந்தது. அவர்கள் முகாமுக்குத் திரும்பவே இல்லை.

இறுகிய பனிக்கட்டியில் ஓட, காலணியின் அடியில் சிறு உலோக முட்களைப் பொருத்துகிறார்கள். உடல் எடை முழுவதும் சில முள்முனைகளில் இறங்குவதால் அழுத்தம் மிகுந்து, முட்கள் பனிக்கட்டியைக் குத்திப் பிடிக்கின்றன. மென்மையான புதுப்பனியில் இதற்கு நேர்மாறு. அங்கே அகன்ற பனிக்காலணி அணிந்து, எடையைப் பெரிய பரப்பில் பரப்பினால்தான் கால் புதையாது. இரண்டுக்கும் ஒரே சூத்திரம்: அழுத்தம் = விசை ÷ பரப்பளவு.

தலைகீழாக வைக்கும் போத்தல்

ஓட்டக்காரர்களின் தண்ணீர்ப் போத்தல் பெரும்பாலும் தலைகீழாகத்தான் இருக்கும். பனிக்கட்டி நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் மேலே மிதக்கும். போத்தலை நேராக வைத்தால் வாய்ப்பகுதி அடைத்துக்கொள்ளும். கவிழ்த்து வைத்தால் பனிக்கட்டி போத்தலின் அடிப்புறத்தில் சேரும்; மூடியைத் திறந்தால் தண்ணீர் வரும்.

வியர்க்காமல் ஓடினாலும் தண்ணீர் தேவைதான். மைனஸ் 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் அரைக் கிராம் நீராவிகூட இருக்காது. நுரையீரல் அந்தக் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி வெளியே விடுகிறது. வெளிவரும் மூச்சில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 30 கிராம் நீர் இருக்கும். அவர்களின் புருவத்திலும் தாடியிலும் படியும் வெண்பனி, அப்படி இழந்த நீர்தான்.

கைவிளக்கு, கைப்பேசி ஆகியவற்றின் மின்கலங்களும் குளிரில் சோர்ந்துவிடும். உள்ளே நடக்கும் வேதிவினைகள் மெதுவாவதே காரணம். எனவே, மாற்று மின்கலங்களை உடலை ஒட்டிய பையில் வைத்துக்கொள்கிறார்கள்.

உடல் தரும் எச்சரிக்கை

நம் உடலின் உள்வெப்பநிலை சுமார் 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அந்த நிலைக்கு ஹைப்போதெர்மியா என்று பெயர். முதலில் கடுமையாக நடுக்கம் எடுக்கும். நடுக்கம் என்பது தசைகள் தாமாகவே அசைந்து வெப்பம் உண்டாக்கும் முயற்சி. அதற்கும் உணவுச் சக்தி தேவை. வயிறு காய்ந்தவரால் நெடுநேரம் நடுங்கக்கூட முடியாது. 3,000 கிலோகலோரி விதியின் பொருள் இப்போது புரிகிறதா?

பிறகு விரல்கள் சொன்னபடி கேட்காது. ஜிப்பை இழுக்க முடியாது. பேச்சு குளறும். நடை தள்ளாடும். காரணமில்லாமல் எரிச்சல் வரும். அடுத்து நடுக்கம் நின்றுவிடும். 'இப்போது பரவாயில்லை' என்று நினைத்துவிடக்கூடாது. உடல் போராட்டத்தைக் கைவிடுகிறது என்பதற்கான அடையாளம் அது.

மூளையும் குளிர்வதால், ஆபத்தில் இருப்பவருக்கே தன் ஆபத்து தெரிவதில்லை. ஆகவே, தோழர்தான் கவனிக்க வேண்டும். ஈர ஆடையைக் கழற்றி உலர்ந்ததை அணிவித்து, காற்றுப்படாத இடத்தில் போர்த்தி, நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுத்து, உதவிக்கு அழைக்க வேண்டும். பனிக்கடி பட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது.

மைனஸ் 30 தேவையில்லை

இந்த ஆபத்து கடுங்குளிர் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 2021 மே 22-இல் சீனாவின் கான்சு மாநிலத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டம் நடந்தது. 172 பேர் கலந்துகொண்டனர். பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய மேல்சட்டையுமே அணிந்திருந்தனர். காற்றைத் தடுக்கும் மேலாடை கட்டாயப் பொருள் பட்டியலில் இல்லை. மலைமேல் திடீரென ஆலங்கட்டியும் உறைமழையும் பலத்த காற்றும் தாக்கின. 21 பேர் உயிரிழந்தனர். ஆடு மேய்ப்பவர் ஒருவர் சிலரைத் தன் குகை வீட்டுக்கு அழைத்துச் சென்று, நெருப்பு மூட்டி ஆறு பேரைக் காப்பாற்றினார். அவர் கொடுத்தவை காற்றில்லாத இடமும் வெப்பமும்தான்.

நமக்கு அருகிலேயே கினபாலு மலை இருக்கிறது. உயரம் 4,095 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். கடற்கரையில் 30 டிகிரி என்றால் உச்சியில் எவ்வளவு? கணக்கிட்டால் 3 டிகிரிக்குச் சற்று மேல் வரும். விடியலுக்கு முன், காற்றும் சேர்ந்தால் இன்னும் குளிரும். வியர்க்க வியர்க்க ஏறி, நனைந்த பருத்திச் சட்டையோடு உச்சியில் நின்று சூரிய உதயத்துக்குக் காத்திருப்பவரும் இதே வெப்பக் கணக்குக்குக் கட்டுப்பட்டவர்தான். பள்ளிக் குழுவோடு மலையேறப் போகிறீர்களா? உலர்ந்த சட்டை ஒன்றையும், காற்றைத் தடுக்கும் மேலாடை ஒன்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரே அளவிலான மூன்று போத்தல்கள், மூன்று காலுறைகள், ஒரு பிளாஸ்டிக் பை, வெப்பமானி, மின்விசிறி.

1. மூன்று போத்தல்களிலும் சுமார் 50 டிகிரி வெந்நீரை ஒரே அளவில் நிரப்புங்கள். பெரியவர் ஒருவரின் உதவியோடு செய்யுங்கள்.

2. முதல் போத்தலுக்கு உலர்ந்த காலுறையையும் மற்ற இரண்டுக்கும் நனைத்துப் பிழிந்த காலுறைகளையும் மாட்டுங்கள்.

3. மூன்றாவது போத்தலின் ஈரக் காலுறைமேல் பிளாஸ்டிக் பையை இறுக்கமாகச் சுற்றுங்கள்.

4. மூன்றையும் மின்விசிறியின் முன் வைத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை, அரை மணி நேரம் வரை வெப்பநிலையைக் குறித்து, வரைபடம் வரையுங்கள்.

எந்தப் போத்தல் முதலில் குளிர்ந்தது? இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே அளவு நனைந்தவைதாமே, அப்படியிருக்க வேறுபாடு ஏன்? அந்தப் பிளாஸ்டிக் பை, ஓட்டக்காரரின் எந்த ஆடைக்குச் சமம்? விடைகளை உங்கள் அறிவியல் ஆசிரியரோடு கலந்து பேசுங்கள்.