விடைபெறும் மாதத்தில் வந்த காய்ச்சல்

ஒருவர் தம் உத்தியோகத்தை விட்டு விலகத் தீர்மானித்து இராசினாமாக் கடிதத்தையும் கொடுத்துவிட்டார். முன்னறிவித்தற் காலமாகிய ஒரு மாதம் மட்டும் எஞ்சியிருக்கின்றது. அந்த மாதத்திலே நோய் வந்தால் என் செய்வது? இதனை அற்ப சங்கதியென்று எண்ணுவோர் பலர். ஆயினும், சென்ற மாரியில் ஒட்டுசுட்டானில் ஒரு குடும்பத்தின் நித்திரையைக் கெடுத்தது இந்த அற்ப சங்கதியே.

என்னிடம் முன்னர்ப் படித்த மாணவன் ஒருவன் முல்லைத்தீவிலே ஒரு வியாபார நிலையத்தில் எழுதுவினைஞனாக மூன்றாண்டுகள் கடமை பார்த்தான். வவுனியாவில் அவனுக்கு வேறு வேலை கிடைத்தது. நியமனக் கடிதத்திற் கண்டவாறு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்தான். மூன்றாம் வாரத்திலே டெங்குக் காய்ச்சல் கண்டது. ஐந்து வேலை நாட்கள் வைத்தியசாலைக் கட்டிலிற் கழிந்தன. முதலாளியோ, "போகிறவனுக்குக் காய்ச்சல் வராமல் வேறென்ன வரும்?" என்று கூறி, அந்த மாதச் சம்பளம் முழுவதையும் நிறுத்திவிட்டார்.

அன்று மாலை தகப்பனார் என்னைத் தேடி வந்தார். "சேர், பொடியன் பொய் சொல்லேல்லை. இரத்தம் சோதிச்ச துண்டும் கிடக்கு. உழைச்ச நாளுக்கும் சம்பளம் இல்லையெண்டால் அது நியாயமோ?" என்று கேட்டார். சம்பளம் போனதைவிட, மகனைப் பொய்யனென்று கூறியதே அவரை அதிகம் வருத்தியது.

நியாயமன்று என்பதே விடை. இராசினாமாக் கடிதம் கொடுத்த அன்றே உத்தியோகம் முடிந்துவிடுவதில்லை. முன்னறிவித்தற் காலத்தின் இறுதி நாள்வரை முதலாளி முதலாளியே, ஊழியன் ஊழியனே. கடமைகள் தொடர்வது போன்று உரிமைகளும் தொடர்கின்றன.

நம் நாட்டில் கடைகளிலும் கந்தோர்களிலும் வேலை செய்வோருக்கென 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கின்றது. முதலாண்டு கழிந்தபின், ஆண்டொன்றுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமைய விடுமுறையும் அதிற் கூறப்பட்டுள்ளன. சுகவீனத்துக்கெனத் தனியான விடுமுறை அச்சட்டத்தில் இல்லை. சொந்த அலுவல், சுகவீனம் முதலியவற்றுக்கு அந்த 7 நாட்களே உதவும். அதற்கு மேலாகச் சுகவீன விடுமுறை உண்டா என்பதை நியமனக் கடிதத்திலே பார்த்தல் வேண்டும். ஆகையால், வேலையிற் சேரும் அன்றே அக்கடிதத்தை ஊன்றிப் படிப்பது நன்று.

ஐந்தாண்டுகளுக்கு மேல் உழைத்தவர்க்கு வேறோர் அச்சமும் உண்டு. கடைசி மாதத்தில் லீவு எடுத்தாற் சேவைக்காலப் பணிக்கொடை போய்விடுமோ என்று அஞ்சுவர். 15 பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் நிறுவனங்களில், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, தாமாகவே விலகுவோர்க்கும் பணிக்கொடை உரியது. மாதச் சம்பளம் பெறுவோர்க்கு அது சேவையாண்டு ஒவ்வொன்றுக்கும் அரை மாதச் சம்பளமாகும். மோசடி, கையாடல், வேண்டுமென்றே உடைமைக்குச் சேதம் விளைத்தல் போன்றவையே அதனை இழக்கச் செய்வன. காய்ச்சல் அவற்றுள் ஒன்றன்று.

முதலாளிமாரின் ஐயமும் முற்றாக ஆதாரமற்றதென்று சொல்ல முடியாது. ஜெர்மனியிலே ஒரு பெண் ஊழியர் 2019 பெப்ரவரி 8ஆம் திகதி, 22ஆம் திகதியோடு விலகுவதாக அறிவித்தார். சரியாக அந்த 22ஆம் திகதி வரைக்குமான வைத்திய அத்தாட்சிப் பத்திரத்தையும் அன்றே பெற்றார். வழக்கு அந்நாட்டின் உயர் தொழில் நீதிமன்றம் வரை சென்றது. முன்னறிவித்தற் காலமும் நோய்க் காலமும் நாள் பிசகாமல் ஒன்றியிருந்தால் அத்தாட்சிப் பத்திரத்தின் மதிப்புத் தளர்ந்துவிடும் என்றும், அதன்பின் நோயை நிரூபிக்கும் பொறுப்பு ஊழியரைச் சேரும் என்றும் 2021 செப்ரெம்பர் 8ஆம் திகதி அம்மன்று தீர்ப்பளித்தது. அவர் போதியவாறு நிரூபிக்கவில்லை, சம்பளமும் கிடைக்கவில்லை. அத்தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. எனினும் அதிலிருந்து நாம் பெறத்தக்க படிப்பினை உண்டு. பொய் நோய் கூறுபவர், அடுத்து மெய்யாகவே நோயுறுபவரின் வாய்ச்சொல்லையும் பயனற்றதாக்கி விடுகிறார்.

ஆதலின், விலகும் மாதத்தில் நோயுறுவோர் செய்யத்தக்கன சில உள. வேலைக்குச் செல்ல இயலாத முதல் நாளிலேயே, எழுத்தில் நிற்கக்கூடிய ஒரு வழியாற் செய்தி அனுப்புக. வைத்திய அத்தாட்சிப் பத்திரத்தையும் பரிசோதனைத் துண்டுகளையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்க. எஞ்சிய லீவு எத்தனை நாளென்பதைக் கணக்கிட்டுக் கடிதத்திற் காட்டுக. உடல் தேறியதும் திரும்பிச் சென்று, கணக்குகளையும் திறப்புகளையும் முறையாக ஒப்படைக்குக. உரிய சம்பளம் மறுக்கப்பட்டால் தொழில் திணைக்களத்திடம் முறையிடலாம்.

என் மாணவனும் நானும் ஒரு கடிதம் வரைந்தோம். அவனுடைய வருடாந்த விடுமுறை முடிந்திருந்தது. அமைய விடுமுறையில் மூன்று நாள் எஞ்சியிருந்தது. அந்த மூன்றையும் லீவாகக் கொண்டு, மிகுதி இரண்டு நாட்களைச் சம்பளமில்லா நாட்களாகக் கழிக்கும்படி அவனே எழுதினான். முறைப்பாட்டுக்கு அவசியம் நேரவில்லை. தான் இழக்க வேண்டிய இரண்டு நாளை அவனே ஒத்துக்கொண்டிருப்பதைக் கண்டு முதலாளியின் மனம் இளகிற்று. பத்து நாளிற் சம்பளம் வந்தது. அவரே வவுனியாவுக்கு ஒரு நற்சான்றுக் கடிதமும் கொடுத்தனுப்பினார்.

எங்கள் ஊரின் பெயருக்கு ஓர் ஐதிகம் உண்டு. கதிர் கொய்தபின் எஞ்சிய ஒட்டைச் சுட்ட இடத்திலேதான் தான்தோன்றீஸ்வரர் வெளிப்பட்டார் என்பர். விளைச்சல் வீடு சேர்ந்துவிட்டது, நிற்பது வெறும் தாள்தானே என்று நினைத்த இடத்தில் தெய்வம் இருந்தது. உத்தியோகத்தின் கடைசி மாதத்தையும் முதலாளியும் ஊழியரும் அந்தக் கண்ணோடு பார்ப்பார்களானால், பிரியும்போதும் மனிதர் மனிதராகவே பிரிவர்.