உங்களுக்குத் தெரியுமா? மராத்தியில் கண் ஆண்பால்!

மராத்தியில் கண்ணுக்குப் பெயர் 'டோளா'. அது ஆண்பால்! நாக்கு 'ஜீப்'. அது பெண்பால்! மூக்கு 'நாக்'. அது ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை! ஒரே முகத்தில் 3 பால்!

அதே கண் இந்திக்குப் போனால் 'ஆங்க்'. உடனே பெண்ணாகிவிடும்! மூக்கும் அங்கே பெண்தான்!

'என்' என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மராத்தியில் அது நடக்காது! என் கண் 'மாஜா டோளா'. என் நாக்கு 'மாஜி ஜீப்'. என் மூக்கு 'மாஜே நாக்'. ஒரு 'என்'னுக்கு 3 வடிவம்!

ஒரு பெண் கண்ணடித்தாள். வினையும் பெண்பால் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! 'தினே டோளா மார்லா'. கண் ஆண், அதனால் வினையும் ஆண்!

மீசைக்காரப் பயில்வான் நாக்கை நீட்டினார். 'த்யானே ஜீப் பாஹேர் காட்லி'. நீட்டியவர் ஆண். வினையோ பெண்பால்!

'டோளா மார்ணே' என்றால் சொல்லுக்குச் சொல் 'கண் அடிப்பது'. அட, நம்ம ஊர்க் கண்ணடிப்பேதான்!

லேசாகக் கண் அசந்தால் 'டோளா லாக்லா'. கண் ஒட்டிக்கொண்டதாம்!

மெட்ராஸ் ஐ வந்தால் 'டோளே ஆலே'. கண்கள் வந்துவிட்டனவாம்! பார்வை பறிபோனால் 'டோளே கேலே'. கண்கள் போய்விட்டனவாம்!

ஒரு கண் 'டோளா'. பல கண்கள் 'டோளே'. பின்னால் உருபு வந்து ஒட்டினால் 'டோள்யா'! கண்ணில் என்பதற்கு 'டோள்யாத்'. நம்ம மரம், 'மரத்தில்' ஆகிறதே, அதே மாதிரி!

'கண்ணில்', 'கண்களில்'. மராத்தி எழுத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? தலைக்கு மேல் 1 புள்ளி! பேச்சில் பெரும்பாலும் அதுவும் காதில் விழாது!

'மான்' பெண்பால் என்றால் கழுத்து. ஆண்பால் என்றால் மரியாதை! 'கேஸ்' ஆண்பால் என்றால் தலைமுடி. பெண்பால் என்றால் கோர்ட் வழக்கு!

கரும்புக்கும் கண் உண்டு! கரணையில் முளைவிடும் பருவுக்கு மகாராஷ்டிர விவசாயிகள் வைத்த பெயர் 'டோளா'. ஒரு பருக் கரணை நடவு அங்கே 'ஏக் டோளா' முறை!

'டோளா'வில் வருவது நம்ம 'ள'வேதான்! நாக்கை மடித்துச் சொல்லும் அந்த ஒலி பொது இந்தியில் கிடையாது!

2011 கணக்கெடுப்பில் மராத்தியைத் தாய்மொழி என்றவர்கள் சுமார் 8.3 கோடிப் பேர். ஆளுக்கு 2 கண் என்றால் 16 கோடிக்கும் மேல். அத்தனையும் ஆண்பால்!